தம்போராவில் இறந்தவர்கள் எத்தனை பேர்? ஆய்வேட்டில் இணையக் கலைக்களஞ்சியத்தைச் சான்றாகக் காட்டலாமா?

ஏடுதேடி கேட்கிறார்:

வணக்கம். வரலாற்றில் முதுகலை இறுதி ஆண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தோனேசியாவில் 1815ஆம் ஆண்டு நடந்த தம்போரா எரிமலை வெடிப்பும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் என் தலைப்பு. முதல் இயலை நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். அடிக்குறிப்பில் விக்கிப்பீடியா என்று வந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, "இது சான்று ஆகாது, நூல்களைப் பார்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார். ஏன் ஆகாது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

சரியென்று நூலகத்துக்குப் போனேன். எரிமலைகளைப் பற்றிய ஒரு பொதுநூலில் தம்போராவில் இறந்தவர்கள் 92,000 பேர் என்று இருந்தது. யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள் என்ற குறிப்பு எதுவுமில்லை. இணையக் கட்டுரையிலோ ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பீடுகள், ஒவ்வொன்றையும் சொன்னவரின் பெயரோடும் ஆண்டோடும் இருக்கின்றன. அடிக்குறிப்பே இல்லாத அச்சுநூலைக் காட்டினால் மதிப்பெண் கிடைக்கும், அடிக்குறிப்போடு இருப்பதைக் காட்டினால் சிவப்பு மை. இது என்ன நியாயம்?

வெறும் முறைக்காகத்தான் தடுக்கிறார்களா, அல்லது உண்மையிலேயே காரணம் உண்டா? காரணம் இருந்தால், அதை மீறாமல் இந்தக் கட்டுரைகளை எப்படிப் பயன்படுத்துவது?

---

கறார்க்காரன் பதில்:

நெறியாளர் சொன்னதே சரி. எவரும் நுழைந்து எழுதிவிட்டுப் போகக்கூடிய இடத்தை எந்த நம்பிக்கையில் சான்றாகக் காட்டுவது? ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்க இதழாளரின் கதை தெரியுமா? அவர் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். 2005 மே மாதம் யாரோ ஒருவர் வேடிக்கைக்காக விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு உண்டெனச் சந்தேகிக்கப்பட்டதாக அதில் சேர்த்துவிட்டார். ஏறத்தாழ நான்கு மாதம் அந்தப் பொய் அப்படியே கிடந்தது. தன்னைப் பற்றிய அந்த அவதூற்றைச் சீகன்தாலரே செய்தித்தாளில் எழுத வேண்டியதாயிற்று.

அச்சில் வருவதென்றால் குறைந்தது ஒரு பதிப்பாசிரியராவது படித்திருப்பார். ஆய்வேடு எழுதுகிறவருக்கு நூலும் ஆய்விதழும் போதும். கலைக்களஞ்சியத்தின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

---

பழைய பார்வைப்பகுதி பதில்:

ஒரு கல்லூரி நூலகத்தின் பார்வைநூல் பகுதியில் காலமெல்லாம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். தடித் தடியான கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தூசு தட்டி மாணவர்களின் கையில் கொடுத்ததும் நான்தான், பிறகு அவர்கள் அந்தப் பக்கமே வராமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான்தான். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஏடுதேடிக்கு. இரண்டு கேள்விகளை ஒன்றாகப் பிசைந்துவிட்டீர்கள். "நம்பலாமா?" என்பது ஒன்று. "மேற்கோள் காட்டலாமா?" என்பது வேறு. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் 32 தொகுதிகளாக அச்சில் வந்துகொண்டிருந்த காலத்திலும் முதுகலை ஆய்வேட்டில் அதைச் சான்றாகக் காட்டியவரை நெறியாளர்கள் விட்டுவைத்ததில்லை. அதில் பொய் இருந்தது என்பதற்காக அல்ல. கலைக்களஞ்சியம் என்பது பிறர் ஆய்ந்து கண்டதைச் சுருக்கிச் சொல்வது. ஆய்வேடு எழுதுகிறவர் அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் இருக்கிறவர்களிடம் நேரே போயாக வேண்டும். விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்சே, கல்லூரி மாணவர்கள் அதை மேற்கோள் காட்டக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அங்கே எழுதுகிறவர்களும் ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரைக்கு இன்னொரு விக்கிப்பீடியாக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டக்கூடாது. அது அவர்களுடைய விதி. தன்னையே சான்றாக ஏற்காத ஒன்றை உங்கள் நெறியாளர் மட்டும் எப்படி ஏற்பார்? அதை அவர் நாலு வார்த்தையில் விளக்கியிருக்கலாம் என்பது உண்மைதான்.

அடுத்து கறார்க்காரர். அச்சில் வந்தால் பதிப்பாசிரியர் படித்திருப்பார் என்கிறீர்கள். படித்திருப்பார், சில சமயம் படித்துச் சிரித்துமிருப்பார். 1975இல் வெளிவந்த நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜீனியா மவுண்ட்வீசல் என்ற பெண்ணைப் பற்றி ஒரு பதிவு உண்டு. நீரூற்று வடிவமைத்தவர், பிறகு ஒளிப்படக் கலைஞர் ஆனவர், நாட்டுப்புற அஞ்சல் பெட்டிகளைப் படம் பிடித்தவர், ஓர் இதழின் பணிக்காகப் போன இடத்தில் வெடிவிபத்தில் இறந்தவர். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. பதிப்பாளர்கள் தெரிந்தே நுழைத்த பொய் அது. தங்கள் நூலை எவராவது களவாடி அச்சிட்டால் காட்டிக்கொடுப்பதற்கான பொறி. அந்தத் தடித்த அட்டையைப் பார்த்துக் கும்பிடு போட்டவர்கள் எத்தனை பேரோ.

நேச்சர் ஆய்விதழ் 2005 டிசம்பரில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. 42 அறிவியல் தலைப்புகள்; ஒவ்வொன்றிலும் விக்கிப்பீடியாக் கட்டுரையையும் பிரிட்டானிக்காக் கட்டுரையையும், எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் துறை வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பெரிய பிழைகள் இரண்டு பக்கமும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா கொதித்துப்போய், முழுக் கட்டுரைகளுக்குப் பதிலாகத் துண்டுகளை அனுப்பினீர்கள், எங்கள் கலைக்களஞ்சியத்திலேயே இல்லாத உரையையும் சேர்த்தீர்கள் என்று மறுப்பு வெளியிட்டது. நேச்சர் பின்வாங்கவில்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு "இரண்டும் சமம்" என்று கூவுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிவியல் தலைப்புகளில் பார்த்ததை வரலாற்றுக்கும் வாழும் மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புக்கும் நீட்டக்கூடாது. ஆனால் அச்சு என்றாலே சுத்தம் என்ற எண்ணத்தை அந்த ஒப்பீடு அசைத்துவிட்டது.

இனித் தம்போரா. எனக்கு இதுதான் பிடித்த பகுதி. உங்கள் நூலில் இருந்த 92,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெட்ரோஷெவ்ஸ்கி என்பவர் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் தம்போரா இருக்கும் சும்பாவாத் தீவில் 48,000 பேர், பக்கத்து லொம்பொக் தீவில் 44,000 பேர் என்று கணக்கிட்டார். கூட்டினால் 92,000. வெடிப்பு நடந்து 134 ஆண்டுகள் கழித்து வந்த கணக்கு இது.

அவருக்கு முன்னால் யார்? ஹைன்ரிஷ் சோலிங்கர் என்ற சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் 1847இல் அந்த மலையில் ஏறினார், தீவில் தங்கி விசாரித்தார், 1855இல் நூலாக வெளியிட்டார். வெடிப்பில் நேரடியாக மடிந்தவர்கள் ஏறத்தாழ 10,000, சும்பாவாவில் பசியாலும் நோயாலும் 38,000, லொம்பொக்கில் பசியால் 10,000 என்பது அவர் மதிப்பீடு. இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சோலிங்கரின் 10,000ஐயும் 38,000ஐயும் கூட்டினால், சும்பாவாவில் இருவருக்கும் அதே 48,000தான். லொம்பொக்கில் மட்டும் 10,000 என்பது 44,000 ஆகிவிட்டது. அந்த 34,000 பேர் எங்கிருந்து வந்தார்கள்?

டாங்குவியும் அவருடைய கூட்டாளிகளும் 1998இல் எரிமலைச் சாவுகளின் கணக்குகளை மறுபடி ஆராய்ந்தபோது கேட்டதும் இதைத்தான். பெட்ரோஷெவ்ஸ்கியின் எண்ணுக்கு அடி தேடிப் போனால் ஆதாரம் அகப்படவில்லை என்றார்கள். சோலிங்கரையும், அப்போது ஜாவாவின் துணை ஆளுநராக இருந்த ராஃபிள்சின் குறிப்புகளையும் மட்டும் நம்பி, நேரடிச் சாவு 11,000, பின்வந்த பஞ்சத்திலும் நோயிலும் 49,000, ஆக 60,000 என்று முடித்தார்கள். கிளைவ் ஓப்பன்ஹைமர் 2003இல் எழுதிய கட்டுரையில் குறைந்தது 71,000 என்கிறார். ஆக, உங்கள் அச்சுநூல் ஒரே எண்ணைக் கொடுத்து வாயை மூடிக்கொண்டது. இணையக் கட்டுரை சண்டை நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டியது. இந்த ஒரு விஷயத்தில் எது உங்களுக்கு அதிகம் உதவியது என்பது தெளிவு. ஆனாலும் அடிக்குறிப்பில் வர வேண்டிய பெயர்கள் சோலிங்கர், பெட்ரோஷெவ்ஸ்கி, டாங்குவி, ஓப்பன்ஹைமர். அவர்களிடம் கூட்டிக்கொண்டுபோனவரின் பெயர் அங்கே வர வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அடிக்குறிப்பு இருக்கிறது என்பதாலேயே மயங்கிவிடாதீர்கள், அதைத் திறந்து படியுங்கள். கோவாப் பகுதியில் 1640–41இல் பிச்சோலிம் போர் என்று ஒன்று நடந்ததாக ஆங்கில விக்கிப்பீடியாவில் நீண்ட கட்டுரை இருந்தது. 2007இல் "நல்ல கட்டுரை" என்ற தகுதிகூடக் கொடுத்தார்கள். 2012 இறுதியில்தான் அப்படி ஒரு போரே நடக்கவில்லை, மேற்கோள் காட்டிய நூல்களும் இல்லாதவை என்று தெரிந்து நீக்கினார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருவராவது நூலகத்தில் அந்த நூலைக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் அவிழ்ந்திருக்கும்.

அதைவிடக் கொடியது வட்டம் சுற்றும் சான்று. ஜெர்மனியில் 2009 பிப்ரவரியில் குட்டன்பெர்க் என்பவர் பொருளாதார அமைச்சரானார். பிரபு குலத்தவர், பெயர்கள் ஏற்கெனவே ஒரு சரம். அதில் "வில்ஹெல்ம்" என்று இன்னொன்றை யாரோ விக்கிப்பீடியாவில் செருகிவிட்டார். செய்தித்தாள்கள் அப்படியே அச்சிட்டன. பெயரில் சந்தேகம் கிளம்பியதும் என்ன ஆயிற்று? அந்தச் செய்தித்தாள்களையே ஆதாரமாகக் காட்டி வில்ஹெல்மைத் தக்கவைக்கப் பார்த்தார்கள். பொய் பெற்ற பிள்ளை திரும்பி வந்து தாய்க்குச் சாட்சி சொன்னது. ஆகவே சான்று எது என்று பார்க்கும்போதே அதன் தேதியையும் பாருங்கள். கலைக்களஞ்சியத்தில் ஒரு வரி சேர்ந்த நாளுக்குப் பிறகு வெளிவந்த செய்தி மட்டுமே ஆதாரமாக நின்றால் புருவத்தை உயர்த்துங்கள். உங்கள் தலைப்பில் அந்தத் தொல்லை குறைவு. சோலிங்கர் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியிருக்க வாய்ப்பில்லை.

இணையக் கலைக்களஞ்சியம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதும் தவறு. 1995இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பெயர் தெரிந்த துறையறிஞர் ஆசிரியர், சக அறிஞர்களின் மதிப்பாய்வு, காலாண்டுதோறும் மாறாத பிரதியாகச் சேமிப்பு. மெய்யியல் ஆய்விதழ்களிலேயே அதை மேற்கோள் காட்டுகிறார்கள், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. உங்கள் நெறியாளர் அதையும் அடிப்பாரானால் அவரோடு வாதாடலாம்.

தடை போடுவதால் மட்டும் ஒன்றும் நடக்காது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி வரலாற்றுத் துறை 2007இல் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக்கூடாது என்று முடிவு செய்தது. 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் நடந்த ஷிமாபாரா எழுச்சிக்கு இயேசு சபையினர் ஆதரவு கொடுத்தார்கள் என்ற ஒரே பிழையைச் சில மாணவர்கள் தேர்வில் எழுதியிருந்தார்கள், அதுதான் தொடக்கம். கவனியுங்கள், தேர்வுத் தாளில் அடிக்குறிப்பே கிடையாது. மேற்கோள் காட்டியதால் வந்த பிழையில்லை அது, அடிக்குறிப்பைத் திறக்காமல் மனப்பாடம் செய்ததால் வந்தது.

---

கறார்க்காரன் பதில்:

மவுண்ட்வீசல் கதை எனக்குப் புதிது அம்மா. ஆனால் அந்தப் பொறி ஒரு நூலில் ஒரு பதிவு. அங்கேயோ எந்த நிமிடத்தில் எது மாறும் என்று சொல்ல முடியாது. இன்று நீங்கள் படித்த கட்டுரை நாளை அதே கட்டுரையாக இருக்குமா? அந்த அச்சத்துக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

---

நள்ளிரவுத் தொகுப்பாளர் பதில்:

அதற்கு நான் சொல்கிறேன், தன்னார்வமாகத் தொகுக்கிறவன் என்ற முறையில். கட்டுரை மாறும். ஆனால் மாறியது பொதுவாக மறைவதில்லை. "வரலாறு" என்ற பகுதியைத் திறந்தால் எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்று வரிவரியாகக் கிடைக்கும். ஒவ்வொரு பழைய வடிவத்துக்கும் தனி நிலையான இணைப்பு உண்டு. விக்கிப்பீடியாவையே ஆய்வுப் பொருளாக எடுக்கிறவர்கள் அந்த இணைப்பைத்தான் கொடுக்க வேண்டும், முகப்பு இணைப்பை அல்ல. அச்சுநூலின் இரண்டாம் பதிப்பில் எதைத் திருத்தினார்கள் என்பதை இவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்க முடியாது.

கொச்சைச் சொற்களையும் பக்கத்தை வெறுமையாக்குவதையும் தானியங்கி நிரல்கள் பெரும்பாலும் நொடியில் பிடித்துவிடும். எங்களுக்குத் தூக்கம் கெடுப்பவை அவை அல்ல. ஒருவர் வந்து 71,000 என்பதை 77,000 என்று மாற்றிவிட்டு அடிக்குறிப்பைத் தொடாமல் போனால், மூலக் கட்டுரையைப் படித்தவர் பார்க்கும்வரை அது நிற்கும். அதனால் எண்களையும் தேதிகளையும் மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது, எந்த மொழிப் பதிப்பு என்று பாருங்கள். ஆங்கிலத்தில் பலர் பார்க்கும் கட்டுரைக்கு உள்ள காவல் சிறிய பதிப்புகளில் இல்லை. ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழிப் பதிப்பின் கணிசமான பகுதியை அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் எழுதிக் குவித்திருந்தது 2020இல்தான் வெளியே வந்தது. சீன மொழிப் பதிப்பு சிறியதல்ல. ஆனால் அங்கும் ஒரே ஆள் இடைக்கால ரஷ்யாவைப் பற்றி 200க்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கற்பனையாக எழுதிச் சேர்த்திருந்தார், இல்லாத வெள்ளிச் சுரங்கம் உட்பட. 2022இல் ஒரு புனைகதை எழுத்தாளர் தன் கதைக்காகத் தகவல் தேடிப் போய் ரஷ்ய மூலங்களைத் தட்டியபோதுதான் எல்லாம் சரிந்தது. எவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் அடிக்குறிப்பு இருந்தால் அது காவல் ஆகாது, திரை ஆகும்.

"பேச்சு" பக்கத்தையும் திறந்து பாருங்கள். பஞ்சச் சாவுகளின் எண்ணிக்கை போன்றவற்றில் கட்டுரையைவிட அங்கே நடக்கும் வாக்குவாதம் சில சமயம் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

சீகன்தாலர் விவகாரத்துக்குப் பிறகு 2005 டிசம்பரில் ஆங்கிலப் பதிப்பில் பதிவு செய்யாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்க முடியாதபடி மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதுமான மருந்தா என்றால், இல்லைதான்.

---

ஏடுதேடி பதில்:

எல்லாருக்கும் நன்றி. டாங்குவி குழுவின் கட்டுரையும் ஓப்பன்ஹைமர் கட்டுரையும் நூலகத்தின் வழியாகக் கிடைத்துவிட்டன. அம்மா சொன்ன லொம்பொக் வேறுபாட்டைப் பார்த்ததும் என் இரண்டாம் இயலே மாறும் போலிருக்கிறது. ஒரு சிக்கல். சோலிங்கர் எழுதியது ஜெர்மன் மொழியில். எனக்கு அது தெரியாது. படிக்காத நூலை அடிக்குறிப்பில் காட்டலாமா? 92,000 என்ற எண்ணை அப்படியே விட்டுவிடலாமா?

---

பழைய பார்வைப்பகுதி பதில்:

படிக்காததைப் படித்ததாகக் காட்டாதீர்கள். "சோலிங்கர் 1855, டாங்குவி முதலியோர் 1998 வழியாக" என்று எழுதுங்கள். அது இழுக்கு அல்ல, ஒழுங்கு. முடிந்தால் சாவு எண்ணிக்கை வரும் பக்கத்தை மட்டும் படியெடுத்து ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படித்துக் கேளுங்கள். எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான், ஆனால் அந்த எண் நேரில் விசாரித்ததா, கேள்விப்பட்டதா என்பது சுற்றியிருக்கும் வாக்கியங்களில்தான் இருக்கும்.

ஆங்கிலத்திலேயே முதன்மைச் சான்றும் உண்டு. பஞ்சத்தில் அரிசி கொண்டுபோன ஓவன் பிலிப்ஸ் என்ற லெப்டினன்ட் வழியில் கிடந்த பிணங்களையும் வெறிச்சோடிய ஊர்களையும் பற்றி எழுதிய அறிக்கை, ராஃபிள்சின் மனைவி சோபியா 1830இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அதைத் தேடி எடுங்கள். இயலை அதிலிருந்தே தொடங்கலாம்.

92,000ஐ விடாதீர்கள். ஆய்வேட்டின் உரையிலேயே எழுதி, யார் சொன்னது, லொம்பொக்கில் எப்படிக் கூடியது, 1998இல் ஏன் மறுத்தார்கள் என்று ஒரு பத்தி கொடுங்கள். அந்த எண்ணை அடிக்குறிப்பில்லாமல் அச்சிட்ட நூலின் பெயரையும் சேர்த்து நெறியாளரிடம் காட்டுங்கள். சிவப்பு மை இம்முறை எங்கே விழுகிறது என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.